சி பிளாக்கின் பாரம்

துறைமுகத்துக்குப் பின்னால், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற வாரியக் குடியிருப்பில், சி பிளாக்கின் மூன்றாவது மாடியில், பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ரூபிணிக்கு ஒரு மாசி மாதத்தில் எடை கூட ஆரம்பித்தது. உடம்பு பருக்கவில்லை. சுடிதார் அதே அளவுதான், வளையல் அதே அளவுதான், கன்னம் முன்பைவிட ஒட்டித்தான் போயிருந்தது. ஆனால் அவள் ஏறிய ஷேர் ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அவள் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் ஆட்டுக்குட்டியின் கால்கள்போல் விரிந்தன, அவள் படுத்த கட்டிலின் சட்டம் ஒரு விடியலில் முறிந்தது. அவளுடைய அம்மா உமாராணி, நகரத்துக்குள் ஒரு பெரிய மாலில் தரை துடைக்கிறவள், “இப்பல்லாம் இரும்பையும் பேப்பர் மாதிரிதான் செய்றானுங்க” என்று சொல்லிவிட்டுக் கட்டிலைச் சுவரோரம் சாத்தினாள், பாயை விரித்தாள், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

பள்ளி ஆண்டு விழாவில் ரூபிணி பாடியிருந்தாள். பாட்டின் நடுவில், மேலே ஏற வேண்டிய ஓர் இடத்தில், அவள் குரல் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை; கண்ணை மூடிக்கொண்டு மீதிப் பாட்டையும் பாடி முடித்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டுதான் மேடையை விட்டு இறங்கினாள். அந்த உடைந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஆடு கத்துகிற சத்தத்தோடு ஒட்டி, அவள் முகத்துக்குக் கொம்பு வைத்து, கிஷோர் தன் போனிலிருந்து வெளியே விட்டான். கிஷோர் டி பிளாக் பையன், அதே வகுப்பு, ரூபிணியின் மேல் அவனுக்குத் தனியாக எந்தக் கோபமும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள் என்பதால் இன்னொன்று செய்தான். அதற்கும் சிரித்தார்கள் என்பதால் ‘மே ரூபி’ என்று இணையத்தில் ஒரு பக்கமே திறந்தான். அதற்குப் பிறகு அவன் செய்யவே தேவையில்லாமல் போயிற்று. முகம் தெரியாதவர்கள் செய்தார்கள், அவள் தலையை வேறு உடம்புகளில் ஒட்டினார்கள், இவள் இன்னும் எதற்கு உயிரோடு இருக்கிறாள் என்று கேட்டார்கள், அந்தக் கேள்விக்குச் சிரிக்கிற பொம்மை முகங்கள் நூறு நூறாக வந்து விழுந்தன.

யாரோ எங்கோ அதைப் பார்த்துச் சிரித்து இன்னொருவருக்குத் தள்ளிவிட்ட ஒவ்வொரு முறையும், ரூபிணிக்குள் ஒரு சின்னக் கனம் வந்து இறங்கியது. சி பிளாக்கில் தண்ணீர் லாரி வரும் நேரத்தைச் சொல்வதற்காக ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அந்த லாரியை ஓட்டுகிறவர் ரூபிணியின் அப்பா தாமோதரன். ஒரு நாள் அவர் லாரியை நிறுத்திவிட்டு, ‘இன்னும் கால் மணியில் தண்ணி’ என்று போடுவதற்காகக் குழுவைத் திறந்தபோது, தன் மகள் கொம்போடு கத்திக்கொண்டிருந்தாள், அதற்குக் கீழே பக்கத்து வீட்டுக்காரர்களின் சிரிப்பு வரிசையாக இருந்தது. அவர் வந்து மகளுடைய போனைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டார். எடை குறையவில்லை. போன் எங்கே இருந்தால் என்ன, அனுப்புகிறவர்கள் அனுப்பிக்கொண்டுதானே இருந்தார்கள்.

பங்குனி பிறந்தபோது ரூபிணியால் எழுந்து நிற்க முடியவில்லை. அவள் படுத்திருந்த இடத்தில் சிமெண்ட் தரை நனைந்த துணிபோலக் கீழே தொய்ந்தது.

நேர் கீழே, இரண்டாவது மாடியில், நூர்ஜகான் குடியிருந்தாள். ஜாக்கெட் தைக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம். அவள் வீட்டுக் கூரை நாளுக்கு நாள் இறங்கிவந்து, கடைசியில் மின்விசிறியைப் போட்டால் தலையைச் சீவும் என்ற அளவுக்கு வந்தபோது அவள் வாரியத்துக்குப் போய்ச் சத்தம் போட்டாள். பொறியாளர் ஒருவர் வந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், ‘அதிகப்படியான பாரம்’ என்று எழுதிக்கொண்டார், நூர்ஜகானின் தையல் மெஷினுக்கும் அடுப்புக்கும் நடுவே இரண்டு இரும்பு முட்டுகளைக் கொடுத்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார். ஆறு ஆண்கள் வந்து ரூபிணியைத் தூக்கித் தரைத்தளத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். அவள் கையைக்கூட அவர்களால் பாயிலிருந்து எடுக்க முடியவில்லை. ஒருவர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார், ஒருவர் ஜெபம் பண்ணினார், இரண்டு பையன்கள் கதவோரம் நின்று போனில் படம் பிடித்தார்கள், அன்று சாயங்காலமே தரை இன்னும் ஒரு சாண் இறங்கியது.

உலகத்தில் இப்படியும் நடக்குமா என்று அந்தக் குடியிருப்பில் யாரும் கேட்கவில்லை. குழாய் இருக்கிறது தண்ணீர் ஏன் இல்லை, லிஃப்ட் இருக்கிறது ஏன் ஓடவில்லை என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன ஜனம் அது. அவர்களுடைய கேள்வியெல்லாம் கட்டடம் தாங்குமா என்பதுதான்.

ஒரு மத்தியானம், சோற்றுப் பானையில் கூரையின் காரை விழுந்ததும், நூர்ஜகான் சண்டைக்கென்றே முந்தானையைச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். உமாராணி வேலைக்குப் போயிருந்தாள், தாமோதரன் லாரியில் இருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது.

“இன்னாடி நெனச்சினு கீற நீ? என் சோத்துல மண்ணு வுழுது. உங்கம்மா எங்க? உங்கப்பன் எங்க?”

ரூபிணி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“சாரி ஆன்ட்டி.”

“சாரியாம் சாரி. அத்த இன்னா சோத்துல பெசஞ்சு துண்றதா?” என்று மேலே சொல்லப் போனவளுக்கு மூச்சு வாங்கியது. மூட்டுவலிக்காரி, படி ஏறி வந்திருக்கிறாள், வீட்டில் உட்கார நாற்காலி என்று ஒன்று மிச்சமில்லை. தரையிலேயே, அந்தப் பள்ளத்தின் ஓரத்திலேயே, அவள் உட்கார்ந்தாள். உட்காரும்போது பிடிப்புக்காக ரூபிணியின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமலே திட்டினாள், வாரியத்தைத் திட்டினாள், பொறியாளரைத் திட்டினாள், தன் வீட்டுக்காரரைத் திட்டினாள், திட்டத் திட்டத் தன் தோள்பட்டையில் ஈர மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்ததுபோல் இருக்க, இது வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு அதையும் திட்டினாள். அப்போது கீழேயிருந்து அவள் வீட்டுக்காரர் கத்தினார்.

“ஏய் நூரு! கூரை மேல போவுது! முட்டு ஆடுது பாரு!”

நூர்ஜகான் திட்டுவதை நிறுத்தினாள். தன் கையைப் பார்த்தாள், பெண்ணின் கையைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, ஊசியில் நூல் கோர்க்கிறபோது பேசுகிற சின்னக் குரலில் கேட்டாள்.

“பாப்பா, செத்துடலாம்னு தோணுதா உனக்கு?”

வீட்டில் அதுவரை அப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தார்கள், போனை ஏன் பார்த்தாய் என்று கேட்டிருந்தார்கள், ஊர் சிரிக்கிறதே என்று அழுதிருந்தார்கள்.

“ஆமா ஆன்ட்டி.”

“எப்பவுமேவா?”

“தனியா இருக்கறப்ப.”

“சரி,” என்றாள் நூர்ஜகான். “அப்ப தனியா இருக்க வேணாம்.”

அதைச் சொல்லி முடிப்பது சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சுலபமாக இல்லை. அன்று கீழே இறங்கும்போது நூர்ஜகான் ஒவ்வொரு படியிலும் நின்று இறங்கினாள்; ஏறும்போது இருந்ததைவிட அவள் கனமாகியிருந்தாள், அந்தக் கனம் ரூபிணியிடமிருந்து வந்தது, அது திரும்பிப் போகவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்த உமாராணியைப் படிக்கட்டிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். உமாராணி கைப்பையைக் கூட இறக்கி வைக்காமல் மேலே ஓடி மகளின் கையைப் பிடித்தாள். பெற்றவள் என்பதாலோ என்னவோ, நிறைய வாங்கினாள்; மறுநாள் மாலின் வழவழத் தரையில் அவள் நடந்த இடமெல்லாம் டைல்ஸ் மெல்ல முனகியது.

நூர்ஜகான் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். அவள் கெஞ்சவில்லை, அவளுக்குக் கெஞ்ச வராது. “உம் போன்ல அந்த ஆடு வந்துச்சா? பாத்தியா? சிரிச்சியா? வேற ஆளுக்குத் தள்ளி வுட்டியா? அப்ப வா, வந்து உன் பங்கத் தூக்கு” என்றாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர், நான் பார்க்கவே இல்லை என்றார்கள். இஸ்திரி போடுகிற முனுசாமி மட்டும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, “நான் எங்கண்ணன் பசங்களுக்கெல்லாம் அனுப்பிட்டேன், நூரம்மா” என்று சொல்லி மேலே வந்தார். அவர் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க ரூபிணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை, கையை மட்டும் பிடித்திருந்தார். போகும்போது அவருடைய செருப்பின் வார் அறுந்தது.

அப்படித்தான் முறை வைத்து உட்காருவது ஆரம்பமாயிற்று. காலையில் இட்லிக் கடையை முடித்துவிட்டு ஒருத்தி வருவாள், பகலில் முனுசாமி வருவார், பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பெண் பிள்ளைகள் வந்து தங்கள் பாடத்தைச் சத்தமாகப் படித்தபடி ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொள்வார்கள், விளக்கு வைத்த பிறகு கேரம் ஆடுகிற பையன்கள் பலகையையே மேலே தூக்கிக்கொண்டு வந்து பாய்க்குப் பக்கத்தில் போட்டு ஆடுவார்கள், ஆட்டம் அவர்கள் பக்கம் வராத வேளையில் கையைப் பிடிப்பார்கள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொல்ல வந்த ஒரு வாத்தியார் நிறையப் பேசினார், கையைப் பிடிக்க மறந்துவிட்டார், அன்று கூரை இம்மியும் உயரவில்லை. கேரம் பையன்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டபோது ரூபிணி ஒரு முறை சிரித்துவிட்டாள் என்று சொன்னார்கள்.

ஆனால் வாங்கிக்கொண்ட கனம் வாங்கியவர்களிடமே தங்கியது. சி பிளாக் முழுவதும் களைத்துப்போனது. படியில் ஏறுகிறவர்கள் மாடிக்கு மாடி உட்கார்ந்து ஏறினார்கள். ஆட்டோக்காரர்கள் பெட்ரோல் சீக்கிரம் தீர்கிறது என்றார்கள். துணி காயப்போடக் கையைத் தூக்குவதே பெரும்பாடாக இருந்தது, கொடிகள் தாழ்ந்தன. “நாமளா இத ஆரமிச்சோம்? எவனோ எவனோ அனுப்புறான், நாம எதுக்குத் தூக்கணும்?” என்று தண்ணீர் வரிசையில் பேசிக்கொண்டார்கள். இட்லிக்காரி ஒரு நாள், என்னால் முடியவில்லை, என் இடுப்பு போய்விட்டது என்று சொல்லி வராமல் நின்றுகொண்டாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று காலை அந்த முறை காலியாக இருந்தது, தரையில் நீளமாக ஒரு விரிசல் விட்டது. மறுநாள் இட்லிக்காரி வந்தாள். “தூக்கம் வரல,” என்றாள். அவ்வளவுதான்.

வாங்குவது மட்டும் போதாது, வருவதையும் நிறுத்த வேண்டும் என்பது மெதுவாகத்தான் விளங்கியது. தாமோதரனும் முனுசாமியும் காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தார்கள், அங்கிருந்தவர்கள் இன்னோர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கேயும் போனார்கள். கிஷோர் திறந்த ‘மே ரூபி’ பக்கம் மூடப்பட்டது. அதைப் போலவே வேறு இரண்டு முளைத்தன, அவையும் மூடப்பட்டன. சி பிளாக் குழுவில் தாமோதரன் ஒரே ஒரு வரி போட்டார்: ‘உங்க புள்ளைங்க போன வாங்கிப் பாருங்க. உங்க போனயும் பாருங்க.’ பள்ளியின் தலைமையாசிரியை முதலில் இது பள்ளிக்கு வெளியே நடந்தது என்றார். நூர்ஜகான் அவருடைய அறையில் போய் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த நாற்காலி உடைந்தது. அதற்குப் பிறகு அவர் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசினார்.

சித்திரையின் நடுவில் ஒரு நாள், நான்கு பேர் சுற்றிலும் பிடித்திருக்க, ரூபிணி எழுந்து உட்கார்ந்தாள். இன்னும் சில நாட்களில் சுவரைப் பிடித்து நடந்தாள். படிக்கட்டு தாங்கும் என்று தெரிந்ததும் அம்மாவும் நூர்ஜகானும் இரண்டு பக்கமும் அவளைப் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மனநல மருத்துவராக இருந்த பெண்மணி அவளைத் தனியாக உட்காரவைத்து வெகுநேரம் பேசினார், மாத்திரை எழுதினார், வாரம் ஒரு முறை வரச் சொன்னார். வெளியே வந்து, “கொஞ்சம் தங்கும். முழுசாப் போகறதுக்கு நாளாகும். போகாமலும் இருக்கலாம். அதோட நடக்கப் பழகிடுவா. நீங்க விட்டுடாதீங்க” என்றார்.

“வுட்டா என் வூடு இடிஞ்சுடும் டாக்டர்,” என்றாள் நூர்ஜகான்.

அந்த வாரம்தான் கிஷோருடைய பெயர் வெளியே வந்தது.

அதுவரை யார் முதலில் செய்தது என்பது பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. காவல் நிலையத்திலிருந்து டி பிளாக்குக்கு ஆள் வந்து அவனையும் அவன் அம்மா பிரேமாவையும் கூப்பிட்டு விசாரித்துவிட்டு அனுப்பியதும், அந்தப் பெயர் தண்ணீர் வரிசையிலிருந்து குழுவுக்கு வந்தது. அத்தனை நாளாகச் சுமந்து களைத்துக்கிடந்த சி பிளாக் அன்று எழுந்து உட்கார்ந்தது. யாரோ அவனுடைய படத்தைப் போட்டார்கள். இன்னொருவர் அவன் அப்பா ஓடிப்போனவர் என்பதைப் போட்டார். முனுசாமிகூட ஒன்று எழுதினார். கேரம் பையன்கள் அவன் முகத்தில் கொம்பு வைத்தார்கள். இரண்டு மாதமாகச் சிரிக்காத வாய்கள் சிரித்தன. கொஞ்ச நேரத்துக்கு எல்லோருக்கும் தோள் லேசானதுபோல் இருந்தது. அது குடியிருப்பைத் தாண்டிப் போயிற்று, பள்ளியைத் தாண்டிப் போயிற்று, முகம் தெரியாதவர்களிடம் போய்ச் சேர்ந்தது, அவர்கள் தங்களுக்குப் பழக்கமான அந்தக் கேள்வியை அவனிடமும் கேட்டார்கள்.

டி பிளாக்கின் இரண்டாவது மாடியில் ஒரு கட்டில் முறிந்தது.

பிரேமா, வீட்டு வேலைக்குப் போகிறவள், ஒரு சாயங்காலம் சி பிளாக்கின் படிக்கட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். வேலை முடிந்து உமாராணி வந்தபோது அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா,” என்றாள் பிரேமா.

“இன்னா?”

“அவன் எய்ந்துக்க மாட்றான்கா. தரை இறங்குது. அவன் செஞ்சது தப்புதான், நான் இல்லன்னு சொல்லல, போலீஸ் கேஸ் போடட்டும், நான் தடுக்கல. ஆனா அவன் எய்ந்துக்க மாட்றான்.”

மாடிப் படியிலிருந்து யாரோ, “இறங்கட்டும், மண்ணுக்குள்ளயே போவட்டும்” என்று சத்தமாகச் சொன்னார்கள். உமாராணி அந்தக் குரலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் படியேறினாள், முதல் மாடியில் கொஞ்சம் உட்கார்ந்தாள், இரண்டாவது மாடியில் கொஞ்சம் உட்கார்ந்தாள், வீட்டுக்குள் போனாள்.

ரூபிணி ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“நான் போக மாட்டேன்மா,” என்றாள்.

“உன்ன யாரும் கூப்புடல.”

“அவன மன்னிக்கவும் மாட்டேன்.”

“மன்னிக்காத.”

“நீ போவியா?”

உமாராணி காலையில் வைத்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். மாலில் அன்று இரண்டு பேர் வரவில்லை, அவர்கள் தளத்தையும் இவளே துடைத்திருந்தாள். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக வலித்தது. படுத்தால் போதும் என்றிருந்தது.

“அந்த கேரம் பசங்ககிட்ட மொதல்ல போவணும்,” என்றாள். “அவனுங்க போட்ட படத்த எடுக்கச் சொல்லணும். முனுசாமி அண்ணன்கிட்டயும் சொல்லணும்.”

“அவங்க கேட்டாங்கன்னா? கிஷோருக்கு ஏன் இவ்ளோ பாக்கறேன்னு?”

“கிஷோருக்காவ பாக்கல. எனக்கு ஒடம்புல தெம்பு இல்ல ரூபி. இன்னும் எத்தினி வூட்ல தரை இறங்கும்? எத்தினி பேரத் தூக்கறது?”

ரூபிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அழுதாள், அம்மா அவள் தலையில் கையை வைத்தபோது தட்டிவிடவும் இல்லை. நூர்ஜகான் மேலே வந்து, “நீ போய்ட்டு வா உமா, நான் இவகூட இருக்கேன்” என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கேரம் பையன்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு ஒருவன் போனை எடுத்து அந்தப் படத்தை அழித்தான், மற்றவர்களும் ஒவ்வொருவராக அழித்தார்கள், ஏற்கெனவே போய்விட்டது போய்விட்டதுதான் என்று ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். முனுசாமி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார். “நாளைக்குப் பகல்ல நான் அங்க போறேன்மா,” என்றார். “இன்னிக்கு முடியாது. இன்னிக்குக் காலத் தூக்கவே முடியல.”

விளக்கு வைக்கிற நேரத்தில் உமாராணி டி பிளாக்கின் படிகளில் ஏறினாள். வாசலிலேயே நின்றிருந்த பிரேமா பின்னால் வந்தாள். தாழ்ப்பாள் போடாத கதவுக்கு உள்ளே, தொய்ந்த தரையின் நடுவில், பூனை மீசை அரும்பிய அந்தப் பையன் மல்லாந்து கிடந்தான். உமாராணியைப் பார்த்ததும் எழப் பார்த்தான், முடியவில்லை, முகத்தை மூடக் கையை எடுக்கப் பார்த்தான், அதுவும் முடியவில்லை. மூடாத முகத்தோடு அழுதான்.

“ஆன்ட்டி, நான் சும்மா விளையாட்டுக்கு…”

“பேசாத,” என்றாள் உமாராணி. “அதெல்லாம் பேச வேற நாள் இருக்கு. ரூபி கேப்பா, போலீஸ் கேக்கும், எல்லார்க்கும் நீ பதில் சொல்லணும். இப்ப கேக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல.”

அவள் வெகுநேரம் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கழுத்தைப் பிடித்து நெரித்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் இருந்தது. அதற்கும் குனிய வேண்டும், குனிய உடம்பில் வலுவில்லை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

“செத்துடலாம்னு தோணுதா?”

பையன் கண்ணை மூடிக்கொண்டு ஆமென்று தலையை அசைத்தான்.

“கைய குடு.”

அவனால் கொடுக்க முடியாது என்பது நினைவுக்கு வந்து, அவளே எடுத்துக்கொண்டாள். வியர்த்துக் கிடந்த மெல்லிய கை. அதிலிருந்து பாரம் அவள் மணிக்கட்டுக்கு வந்தது, முழங்கைக்கு வந்தது, ஏற்கெனவே நிறைந்திருந்த தோளில் இடம் தேடி உட்கார்ந்தது. தன் மகளுடையதை வாங்கிய அந்தத் தோளுக்கு இது வேறு மாதிரி இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.